முதியோர் சொல்லும் ஓர் ஆவணமே

(மலை வட்டாரப் பணியாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

மலைவாழ் மக்களுள் வயது வந்தோருக்கும் முதியோருக்கும் நாம் ஆற்ற வேண்டிய சமூகப் பணியைப் பற்றிப் பேசுமாறு முகாம் அமைப்பாளர்கள் பணித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. உழவர்களுக்கு வேளாண்மைத் துறையின் அலுவலர் இருக்கிறார். மலைச் சிற்றூர் ஒன்றின் திண்ணையில் அமர்ந்திருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், 'முதியோர் உதவித்தொகை' என்னும் ஒரே விடைதான் நம் நாவில் எழுகிறது. உதவித்தொகை வேண்டுவதே, அதில் ஐயமில்லை. ஆனால் அப்பெரியவரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அதை உரிய காலத்தில் பெறாவிடில் இழப்பு அவருக்கு மட்டுமன்று, அவருடைய ஊர் முழுவதற்குமாகும். இதனை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்திக்கொண்டு பேசுவது பயன் தரும். ஆகவே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க நூல்கள் போற்றும் மலை அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால், வாழவந்திநாடு, சேலூர்நாடு, தேவானூர்நாடு, குண்டூர்நாடு, அரியூர்நாடு என்று ஊராட்சிகளின் பெயர்கள் 'நாடு' என்றே முடிவதைக் காணலாம். ஊராட்சி என்னும் அமைப்பு ஏற்படுவதற்கு முன்னரே நாடு என்றும் ஊர் என்றும் வகுத்து, ஊர்க்கவுண்டர் முதலிய பெரியவர்களைக் கொண்டு தம் காரியங்களை நடத்தி வந்த மக்கள் அங்கு வாழ்பவர்கள். அவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டவர் என்று சமவெளியில் சிலர் எண்ணுவதுண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவருள் ஒருவர் சேர்வராயன் மலையிலும், ஒருவர் பச்சைமலையிலும், ஒருவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்று அவர்களுடைய மரபு கூறுகிறது. இவ்வரலாற்றை அவர்கள் பெரியவர்களின் வாயால் கேட்டே காத்து வந்தனர் என்பதை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பழைய பாடம் ஒன்று

நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மலைப் பகுதிகளுக்குச் சமவெளியின் திட்டத்தை அப்படியே தூக்கிச் செல்லுதல் பொருந்தாது என்பது சில ஆண்டுகளிலேயே உணரப்பட்டது. 1950-களின் பிற்பகுதியில் வெரியர் எல்வின் எழுதிய நூல் ஒன்றிற்கு வரைந்த முன்னுரையில், பழங்குடி மக்களிடையே பணியாற்றுவோர்க்கு ஐந்து நெறிகளைப் பிரதமர் ஜவகர்லால் நேரு வகுத்துக் கொடுத்தார். அம்மக்கள் தம் இயல்பின் வழியே வளர வேண்டும். நிலத்திலும் காட்டிலும் அவர்களுக்குள்ள உரிமை மதிக்கப்பட வேண்டும். நிருவாகப் பணிக்கு அவர்களுக்குள்ளேயே ஆட்களைப் பயிற்ற வேண்டும். திட்டங்களை அளவுக்கு மீறி அவர்கள்மீது சுமத்தலாகாது. செலவான பணத்தைக் கொண்டும் புள்ளிவிவரங்களைக் கொண்டும் பயனை அளவிடாமல், உருவாகும் மனிதப் பண்பைக் கொண்டே அளவிட வேண்டும் என்பன அவற்றின் சாரம்.

வட்டார அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இந்த ஐந்தாவது நெறி சற்றுக் கடினமானதே. மாத அறிக்கையில் எண்களுக்குத்தான் கட்டங்கள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு உதவித்தொகை, எத்தனை வீடு, எத்தனை மீட்டர் சாலை என்று எழுதலாம். ஒரு பெரியவரோடு மூன்று மாலைகள் அமர்ந்து கேட்டோம் என்று எழுத அதில் இடமில்லை. எனினும் அந்த மூன்று மாலைகளே ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றக் கூடும். எவ்வாறென்று கூறுவோம்.

நிலத்திற்குச் சாட்சி

பட்டியல் பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் உரிய வன உரிமைகளை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தை நாடாளுமன்றம் 2006-ஆம் ஆண்டு இயற்றியது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வருகின்ற பழங்குடிக் குடும்பம், உண்மையில் தன் அனுபவத்தில் உள்ள நிலத்திற்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமை கோரலாம். உரிமைச் சான்று கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமையும். வாரிசுகளுக்குச் செல்லும், விற்க இயலாது. எழுபத்தைந்து ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை வாழ்ந்தமைக்கு ஆதாரம் வேண்டும் என்னும் நிபந்தனை பிற பாரம்பரிய வனவாசிகளுக்கே உரியது. பட்டியல் பழங்குடியினருக்கு அது இல்லை. இதை நம் பணியாளர்களுள் சிலரே இன்னும் மாற்றிச் சொல்வதுண்டாகையால், அழுத்திக் கூறுகிறோம்.

இனி, மலைச் சிற்றூரில் வாழ்பவரிடம் 2005-க்கு முந்தைய காகிதம் எங்கே இருக்கும்? ரசீது வாங்கிப் பழகாத மக்கள் அவர்கள். வாங்கிய சிலவும் மழையிலும் கரையானிலும் போயிருக்கும். சட்டத்தை இயற்றியோர் இதை அறிந்தே இருந்தனர். இச்சட்டத்தின் விதிகளில் 13-ஆவது விதி, எவையெவை சான்றாகும் என்று அடுக்கிச் சொல்லுகிறது. அரசு ஆவணங்கள் அவற்றில் உள்ளன. அவற்றோடு வீடு, கரை, சமன்படுத்திய நிலம், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற கண்கூடான அடையாளங்களும் உள்ளன. மேலும், உரிமை கோருபவர் அல்லாத முதியோர் கூறி, எழுத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலமும் இருக்கிறது. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கருதிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. குறிப்பிட்ட ஒரு வகை ஆவணம்தான் வேண்டும் என்று குழுக்கள் வற்புறுத்தலாகாது என்பதும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாக்கப்பட்டது.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். கையெழுத்திடத் தெரியாத ஒரு பாட்டியாரின் சொல், எழுதப்பெற்ற அக்கணமே சட்டத்தின் முன் சான்றாகிவிடுகிறது. எழுதப்பெறாத வரையில் அது காற்றோடு போகும் சொல்லே.

எழுதும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. 'மேற்படி நபர் நெடுங்காலமாகப் பயிர் செய்து வருகிறார்' என்று ஒரே வரியில் எழுதிக் கைரேகை வாங்குவது சாட்சியமாகாது. நிலத்திற்குக் கிழக்கே எந்த ஓடை, மேற்கே நிற்கும் பலாமரத்தை நட்டவர் யார், அது முதன்முதலில் காய்த்தபோது கூறுபவருக்கு எத்தனை பிள்ளைகள், கல் அடுக்கிய கரையை எந்தப் பஞ்சகாலத்தில் யார் யார் சேர்ந்து கட்டினர், அக்குடும்பத்தின் முன்னோரை எங்கே அடக்கம் செய்தனர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே எழுத வேண்டும். பிறகு அந்தப் பலாமரத்தையும் கரையையும் சமாதிக் கல்லையும் நேரில் சென்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பொழுது ஒரு சொல்லுக்கு ஒரு கல் துணை நிற்கும். இரண்டும் சேர்ந்து விதி கேட்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றாகும்.

ஒரு சிற்றூரில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சகோதரர் இருவரின் மனு போதிய ஆதாரம் இல்லையென்று திரும்பி வந்திருந்தது. காரணம் எழுத்தில் தரப்பட்டிருந்ததனால், அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. வேறு குடும்பங்களைச் சேர்ந்த முதியோர் மூவர் அந்நிலத்தைச் சுற்றி நடந்து எல்லை காட்டினர். அவ்வூரில் பத்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி எழுதினாள். எழுதியதைக் கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்டியபோது, மூவருள் மூத்தவர் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, ஓடையின் பெயரைத் திருத்தினார். திருத்தியபின் கைரேகை வைத்தார். அம்மழைக்காலம் முடிவதற்கு முன் அவர் காலமானார். அவருடைய வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. மனு மறு ஆய்வுக்கு ஏற்கப்பட்டது. ஒரு பருவம் தாமதித்திருந்தால் அந்த ஓடையின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

விதைக்குச் சாட்சி

இரண்டாவதாக, விதை. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் தினையும் பனிவரகும் பரவலாக விளைந்தன. சமவெளி ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி மேலேறியது. அன்னாசியும் காப்பியும் மிளகும் பெருகின. சிறுதானியப் பரப்பு சுருங்கியது. கையில் காசு தரும் பயிரை நாடுவது குடியானவர்க்கு இயல்பே. அதற்காக அவர்களைக் குறை கூறுதல் தகாது. ஆனால் விதைக்கப்படாத விதை சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். அதனோடு அதைப் பற்றிய அறிவும் மறையும்.

சாமை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அங்குள்ள மூதாட்டிகளோ கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பிரித்துச் சொல்வார்கள். எது விரைவில் முற்றும், எது சரிவான மண்ணைத் தாங்கும், எது கதிர் உதிராமல் நிற்கும், எது கஞ்சிக்கு ஏற்றது, மூங்கிலால் பின்னி மண்பூசிய தொம்பையில் எவ்வாறு போட்டு வைத்தால் வண்டு சேராது என்பன யாவும் அவர்களுக்குப் பாடம். விதைக் கதிரைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாலும் பெண்களின் கையாகவே இருந்து வந்தமையால், இதைக் கேட்க வேண்டியவர்களும் அவர்களே. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல ஆண்டுகளாக மக்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை அமைத்தமை இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டதே.

இங்கும் சட்டம் துணை நிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இரகங்களைக் காத்து வந்த உழவர்க்கு உரிமை வழங்குகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் கீழ், உள்ளாட்சி அமைப்புகளின் மேலாண்மைக் குழுக்கள் உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அப்பதிவேட்டை அலுவலக மேசையிலிருந்து நிரப்பினால், எல்லா ஊரின் பதிவேடும் ஒன்றுபோலவே இருக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதன் பின்னர் சாமைக்கும் தினைக்கும் நகரங்களில் மதிப்பு உயர்ந்திருக்கிறது. மதிப்பு வந்த காலத்தில் விதைக்கு உரியவர் யாரென்று காட்டும் ஏடு ஊரார் கையில் இருத்தல் வேண்டும் அன்றோ?

தம் வயதுக்கே சாட்சி இல்லாதவர்கள்

மூன்றாவதாக, அம்முதியோரின் சொந்த உரிமை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 2023-ஆம் ஆண்டில் அத்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வழங்குவது வருவாய்த் துறையே ஆயினும், மனுவை எழுதிக் கொடுப்பதும் தொடர்ந்து விசாரிப்பதும் நம் பணியாளர்களால் இயலும் காரியம்.

தடை எங்கே வருகிறது? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் தான் இயற்றப்பட்டது. இன்று அறுபதைக் கடந்த மலைவாழ் மக்களுள் பிறப்புச் சான்று உடையவர் மிகச் சிலரே. அட்டைகளில் உள்ள வயது, பதிவு செய்ய வந்தவர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியதாக இருப்பதுண்டு. ஒரு மூதாட்டியாரின் அட்டையில் பிறந்த ஆண்டு 1967 என்று இருந்தது. அவருடைய மூத்த மகளின் பள்ளிச் சான்றிலோ பிறந்த ஆண்டு 1971. அட்டையின்படி தாய் மகளைவிட நான்கு வயதே மூத்தவர்! கேட்டவர் எல்லாரும் சிரித்தனர்; மூதாட்டியாரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பின் விலை பல ஆண்டு உதவித்தொகை. மகளின் பள்ளிச் சான்றையும் அரசு மருத்துவரின் வயதுச் சான்றையும் இணைத்து மனு செய்தபின்னரே கோப்பு நகர்ந்தது.

இத்தகைய இடங்களில் நிகழ்ச்சிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை கைகொடுக்கும். அண்ணா மறைந்தது 1969, காமராசர் மறைந்தது 1975, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987. 'அண்ணா மறைந்தபோது தங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா, ஆத்தா? காமராசர் மறைந்தபோது இடுப்பில் எந்தப் பிள்ளை?' என்று கேட்டால் கணக்குத் தானே வரும். அதனோடு அவ்வூருக்கே உரிய நிகழ்ச்சிகளையும், முதல் பேருந்து வந்தது, பள்ளி திறந்தது, பெரிய மண்சரிவு நேர்ந்தது என்று ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் ஊர் முழுவதற்கும் உதவும். கைரேகை தேய்ந்தமையால் கருவி ஏற்காத முதியோர்க்குக் கருவிழிப் பதிவு உண்டு. நியாயவிலைப் பொருளைப் பெறத் தம் சார்பில் ஒருவரை நியமித்துக்கொள்ளும் வழியும் உண்டு என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இளையோரும் முதியோரும்

வயது வந்தோர் கல்வி பற்றியும் இங்கேயே கூறிவிடுகிறோம். எழுத்துக் கற்பிப்பதோடு நில்லாமல் வாழ்க்கைக்கு வேண்டிய அறிவைத் தருவதே நோக்கம் என்பதால் விடுதலைக்குப் பின் அதனைச் 'சமூகக் கல்வி' என்று அழைத்தனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. எழுத்து, வாழ்க்கையில் ஒரு வேலையைச் செய்யும்போதுதான் மனத்தில் நிலைக்கும்.

மலைச் சிற்றூரில் அந்த வேலை கண்முன் காத்திருக்கிறது. முதியோர் சொல்லட்டும், எழுத்தறிந்த இளைஞரும் இளம்பெண்களும் எழுதட்டும், புதிதாக எழுத்துக் கற்கும் நடுவயதினர் அதையே பாடமாகப் படிக்கட்டும். தம் ஊர் ஓடையின் பெயரும், தம் பாட்டனார் நட்ட மரமும் பாடப் பகுதியாக இருக்கும்போது வகுப்புக்கு ஆள் சேர்க்க நாம் அலைய வேண்டியதில்லை.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

இப்பணியில் இறங்குவோர்க்குச் சில குறிப்புகளைக் கூறுகிறோம்.

1. நமக்கு ஓய்வான பகற்பொழுதில் செல்லற்க. வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய மாலையில், அறுவடை நாட்களைத் தவிர்த்துச் செல்க.

2. முதலில் ஊர்க்கவுண்டரையும் பெரியவர்களையும் கண்டு, வந்த காரியத்தை மறைக்காமல் கூறுக. அவர்கள் அமரும் இடத்தில், அவர்கள் அமரும் வண்ணம் அமர்க.

3. ஐயா, அம்மா, தாத்தா, பாட்டி என்று முறை வைத்து அழைத்துப் பேசுக. நம் வட்டாரத்தில் பயிற்சி பெறாத இளைஞர் சிலர் முதியோரை ஒருமையில் அழைப்பதுண்டு. அவ்வொரு சொல்லால் ஆண்டு முழுவதற்குமான நம்பிக்கை போய்விடும்.

4. மூதாட்டியரைத் தனியே சந்திக்க ஏற்பாடு செய்க. ஆடவர் கூட்டத்தில் அவர்கள் வாய் திறவார்கள். எழுதுபவரும் பெண்ணாக இருத்தல் நலம்.

5. எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டாமல் கைரேகை பெறுதல் கூடாது. ஒரு படி ஊரிலேயே தங்க வேண்டும். சொன்னவர் விரும்பாத செய்தியை, குறிப்பாக மருந்து மூலிகை பற்றிய இரகசியங்களையும் வழிபாட்டுச் செய்திகளையும், எழுதாமல் விடுக.

ஓர் ஐயமும் விடையும்

முதியோர் சொல்வதெல்லாம் உண்மையாகுமா, நினைவு தவறாதா, உறவினர்க்குச் சார்பாகப் பேச மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனால்தான் உரிமை கோருபவர் அல்லாதவர் கூற வேண்டும் என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்றும் விதி அமைந்திருக்கிறது. அன்றியும், வாக்குமூலம் ஊரார் நடுவில் படிக்கப்படுகிறது. பொய்யான எல்லையை அடுத்த நிலத்துக்காரர் கேட்டுக்கொண்டு இரார். கிராம சபையைச் சிற்றூர் அளவிலேயே கூட்டலாம் என்று 2012-ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஒருவரையொருவர் அறிந்த ஐம்பது குடும்பத்தின் நடுவில் தவறு நிற்பது அரிது.

பழைமை யாவும் நன்று என்று நாம் வாதிக்கவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை என்றும், இளவயதில் மணம் முடித்தல் வேண்டும் என்றும் ஒரு பெரியவர் சொன்னால், அது சட்டத்திற்கு மாறானது என்று பணிவோடு எடுத்துரைப்பதும் நம் கடமையே. ஆனால் பத்துக் காரியங்களில் அவர்கள் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டவனுக்கே, பதினோராவது காரியத்தில் மாற்றுச் சொல் சொல்ல உரிமை பிறக்கிறது.

நண்பர்களே, சாலை அடுத்த ஆண்டு போடலாம். கட்டடம் அதற்கடுத்த ஆண்டு எழலாம். நிதி வரும்போது அவை நடக்கும். முதியோரின் வாக்குமூலம் நிதிக்குக் காத்திருக்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், எழுதும் கை, கேட்கும் காது ஆகியவையே. அதன் காலக்கெடுவை நிர்ணயிப்பது அரசாணை அன்று, அவர்களுடைய ஆயுள். ஆகவே முகாம் முடிந்து ஊர் திரும்பியதும், நம்மில் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ள சிற்றூர்களில் எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்ப் பட்டியலை முதலில் எழுதுவோம். மூத்தவரிடமிருந்து தொடங்குவோம். அடுத்து வரும் கிராம சபைக்கு முன் ஊருக்கு ஒரு குறிப்பேடு நிறைவு பெறுமாறு பாடுபடுவோமாக.